கிமிகோ டத்தே: பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் டென்னிஸ் என்றதும் இன்று நவோமி ஒசாகா, கெய் நிஷிகோரி என்ற இரண்டு பெயர்கள்தான் சட்டென்று வாயில் வரும். அவர்களுக்கெல்லாம் முன்னால் உலகத் தரவரிசையில் 4-ஆம் இடம் வரை போனவர் ஒருவர் உண்டு. 26 வயதில் மட்டையைக் கீழே வைத்தார், 37 வயதில் திரும்ப எடுத்தார். அவர் பேச்சை எடுக்கும்போதெல்லாம் நண்பர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

முதலில், பெயரை எப்படிச் சொல்வது? ‘டேட்’ தானே?

இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது தேதியைக் குறிக்கும் சொல்லின் அதே நான்கு எழுத்துகள் வந்துவிடுவதால் பல வர்ணனையாளர்களே ‘கிமிகோ டேட்’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஜப்பானிய உச்சரிப்பு ‘டத்தே’ என்பதற்கு அருகில் வரும். அது குடும்பப் பெயர். ஜப்பானில் அதுதான் முன்னால் வரும், ‘டத்தே கிமிகோ’ என்று. 2001-ல் ஜெர்மன் கார் பந்தய வீரர் மிஷாயெல் க்ரும்மைத் திருமணம் செய்துகொண்டார். அதனால் இரண்டாம் முறை விளையாட வந்தபோது ஸ்கோர்போர்டில் ‘டத்தே க்ரும்’ என்றுதான் இருக்கும். 2016-ல் இருவரும் பிரிந்தார்கள், பழைய பெயர் திரும்பியது. எனவே பழைய முடிவுகளைத் தேடும்போது இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள். ஒரே ஆள்தான்.

எங்கே பிறந்தவர், எப்படி டென்னிஸுக்கு வந்தார்?

1970 செப்டம்பர் 28, கியோட்டோ. ஆறு வயதில் டென்னிஸ் ஆட ஆரம்பித்தார். அமாகசாகியில் உள்ள சொனோதா பள்ளியில் படித்தார்; டென்னிஸுக்குப் பேர்போன பள்ளி அது. 1988-ல் பள்ளிகளுக்கிடையிலான தேசியப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று பட்டங்களையும் வென்றார். அடுத்த வருடமே தொழில்முறை ஆட்டக்காரர் ஆகிவிட்டார்.

நிஷிகோரியும் ஒசாகாவும் வளர்ந்தது அமெரிக்காவில், ஃபுளோரிடா பக்கத்து டென்னிஸ் சூழலில். டத்தே முழுக்க முழுக்க ஜப்பானியப் பள்ளி டென்னிஸில் விளைந்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவர் ஏன் 26 வயதில் விலகினார் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

இடது கைக்காரர் என்கிறார்களே, ஆனால் வலது கையில்தானே ஆடுகிறார்?

இரண்டும் சரி. பிறவியில் இடது கைப் பழக்கம். நம் வீடுகளில் பிள்ளை இடது கையால் சாப்பிட்டால் பாட்டி தட்டிவிடுவார் இல்லையா, ஜப்பானிலும் அந்தக் காலத்தில் அப்படித்தான், வலது கைக்கு மாற்றிவிடுவார்கள். டென்னிஸும் வலது கையிலேயே பழகிவிட்டார். இதனால் ஒரு ஆதாயம் கிடைத்தது: இரண்டு கையாலும் பிடித்து அடிக்கும் பேக்ஹேண்டில் இடது கைதான் அதிகம் வேலை செய்யும். அவருடைய பேக்ஹேண்ட் அவ்வளவு நேராக, அவ்வளவு சுலபமாக வந்ததற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். சர்வ்தான் கடைசி வரை சுமார். வலது கையால் பந்து எறிந்து பழகாத ஒருவரிடம் பெரிய சர்வை எதிர்பார்க்கவும் முடியாது.

அவருடைய ஆட்டத்தில் அப்படி என்ன விசேஷம்?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பதில் படியுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் சாவி இதில்தான் இருக்கிறது.

பந்து தரையில் பட்டு எழும்புகிறது, உச்சிக்குப் போகிறது, இறங்க ஆரம்பிக்கிறது. பெரும்பாலானவர்கள் உச்சியிலோ, இறங்கும்போதோ அடிப்பார்கள். அதுதான் பாதுகாப்பு, பந்தின் வேகமும் குறைந்திருக்கும், யோசிக்க நேரமும் இருக்கும். டத்தே அப்படிக் காத்திருக்க மாட்டார். பந்து தரையை விட்டுக் கிளம்பியதும், முழங்கால் உயரத்தைத் தாண்டுவதற்குள் மட்டையைக் கொடுத்துவிடுவார். ஜப்பானில் இதை ‘ரைசிங் ஷாட்’ என்பார்கள். அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொல் அது.

இதனால் என்ன ஆகிறது? முதலாவது, எதிராளி அடித்த வேகம் அப்படியே பந்தில் மிச்சம் இருக்கிறது. சொந்த பலம் அதிகம் தேவையில்லை. மட்டையைச் சரியான கோணத்தில் நீட்டினால் அவள் வேகம் அவளுக்கே திரும்பிப் போகும். டத்தே 163 சென்டிமீட்டர் உயரம், ஒல்லியான உடம்பு. இரண்டாவது, எதிராளிக்கு நேரம் கிடைக்காது. அடித்துவிட்டு நிமிர்வதற்குள் பந்து வந்து நிற்கும். மூன்றாவது, அடிகள் தட்டையாக, வலையை ஒட்டி, தாழப் போகும். உயரமானவர்கள் குனிந்து குனிந்து அடிக்க வேண்டியிருக்கும்.

சிரமம் என்னவென்றால், இதற்குப் பின்வாங்குவதற்கே இடமில்லை. ஆடுகளத்தின் பின் எல்லைக் கோட்டின் மேலேயே நிற்க வேண்டும். கண் ஒரு நொடியில் பாதி தாமதித்தால் பந்து மட்டையின் சட்டத்தில் பட்டுக் கூட்டத்துக்குள் போய்விடும். மற்றவர்கள் தோளையும் தொடையையும் நம்பி ஆடினார்கள், இவர் கண்ணையும் கணக்கையும் நம்பினார். தோளும் தொடையும் முப்பதைத் தாண்டினால் தளரும். கண்ணும் கணக்கும் அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

முதல் முறை எவ்வளவு தூரம் போனார்?

1991-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தகுதிச் சுற்றிலிருந்து நுழைந்து, அரையிறுதியில் கபிரியேலா சபாட்டினியை வீழ்த்தி, இறுதியில் மோனிகா செலஸிடம் தோற்றார். ‘யார் இந்தப் பெண்?’ என்று டென்னிஸ் உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

அதன் பிறகு ஜப்பான் ஓபனை 1992, 93, 94 என்று வரிசையாக மூன்று முறை வென்றார். 1994-ல் சிட்னி பட்டம், ஜப்பானுக்கு வெளியே கிடைத்த முதல் பட்டம். அதே மாதம் ஆஸ்திரேலிய ஓபனில் கொன்சிட்டா மார்டினெஸை வென்று அரையிறுதி. 1995-ல் பிரெஞ்சு ஓபன் அரையிறுதி, 1996-ல் விம்பிள்டன் அரையிறுதி. அமெரிக்க ஓபனில் மட்டும் கால் இறுதியைத் தாண்டவில்லை. 1995 நவம்பரில் தரவரிசையில் 4-ஆம் இடம். முதல் பத்துக்குள் வந்த முதல் ஜப்பானியப் பெண் இவர்தான்.

மயாமியில் 1995-ல் சபாட்டினியோடு ஆடிய அரையிறுதியையும் சொல்ல வேண்டும். முதல் செட்டை 1-6 என்று இழந்து, இரண்டாவதிலும் தோல்வியின் விளிம்புக்குப் போய், அப்புறம் 7-6, 7-6 என்று ஜெயித்தார். அழுத்தம் கூடக் கூட அவர் முகம் இன்னும் இறுகும், அவ்வளவுதான். சிரிக்காத பெண் என்று பத்திரிகைகள் எழுதின.

ஸ்டெஃபி கிராஃபை ஜெயித்தாரா இல்லையா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஒரே ஒரு முறை ஜெயித்தார். 1996 ஏப்ரல், டோக்கியோ அரியாகே அரங்கம், நாடுகளுக்கிடையிலான பெண்கள் அணிப் போட்டியான ஃபெட் கோப்பை, ஜப்பானும் ஜெர்மனியும். 7-6, 3-6, 12-10. கிட்டத்தட்ட மூன்றரை மணி நேரம்.

அப்போது ஃபெட் கோப்பையில் கடைசி செட்டுக்கு டை பிரேக்கர் கிடையாது. இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை போய்க்கொண்டே இருக்கும். 22 கேம் கொண்ட கடைசி செட். காலில் கட்டோடு ஆடினார் டத்தே. கூட்டம் நாட்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தது. கிராஃப் அன்று உலகின் முதல் நிலை ஆட்டக்காரர். அவருடைய ஃபோர்ஹேண்டைத் தவிர்த்துவிட்டு பேக்ஹேண்ட் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தார் டத்தே. கிராஃபின் பேக்ஹேண்ட் பெரும்பாலும் வெட்டி அனுப்பும் பந்து, தாழ எழும்பும். மற்றவர்களுக்கு அது தொல்லை. தாழ்ந்த பந்தை எழும்பும்போதே எடுக்கும் டத்தேவுக்கு அது பழகிய பந்து. அந்தத் தொடரை ஜப்பான் 3-2 என்று வென்றது.

விம்பிள்டனில் இருட்டியதால் நின்றுபோன ஆட்டம் எது?

அதே வருடம் ஜூலை, அரையிறுதி, அதே கிராஃப். முதல் செட்டை கிராஃப் 6-2 என்று எடுத்தார். இரண்டாவது செட்டில் டத்தே தொடர்ச்சியாக கேம்களை அள்ளி 6-2 என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு செட்டுக்கு ஒரு செட். வேகம் முழுக்க டத்தே பக்கம். அந்த நேரம் பார்த்து வெளிச்சம் போதாது என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். சென்டர் கோர்ட்டுக்கு அப்போது கூரையும் இல்லை, விளக்கும் இல்லை.

மறுநாள் வந்தார்கள். கிராஃப் இரவு நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும்; 6-3 என்று முடித்துவிட்டார். பட்டத்தையும் வென்றார். அன்று இன்னும் அரை மணி வெளிச்சம் இருந்திருந்தால் என்று ஜப்பானில் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும். எனக்கும் அந்த ஆசை உண்டு, ஆனாலும் கிராஃப் இப்படி எத்தனையோ ஆட்டங்களைப் பின்னாலிருந்து வந்து எடுத்தவர்.

கூட்டத்திலிருந்து ஒருவர் ‘ஸ்டெஃபி, என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வீர்களா?’ என்று கத்த, கிராஃப் ‘உங்களிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?’ என்று திருப்பிக் கேட்ட காட்சியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே ஆட்டம்தான். வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியிருக்க, 26 வயதில் ஏன் விட்டார்? காயமா?

காயங்கள் இருந்தன, ஆனால் ஆட்டம் தேய்ந்துபோய் விட்டவர் கிடையாது. விலகும்போது முதல் பத்துக்குள் இருந்தார். 1996 ஆகஸ்டில் சான் டியேகோவில் அரான்சா சான்செஸைக் கடைசி செட்டில் 6-0 என்று வீழ்த்திப் பட்டம் வென்றார். செப்டம்பரில் விலகப்போவதாக அறிவித்தார், நவம்பரில் நியூயார்க்கில் வருட இறுதிப் போட்டியோடு போய்விட்டார். சில வாரங்களிலேயே சான் டியேகோ மேடையிலிருந்து விடைபெறும் பேட்டி வரை வந்தாயிற்று.

அவருக்கு அலுத்துப்போனது டென்னிஸைச் சுற்றியிருந்த வாழ்க்கை. வருடத்தில் பெரும்பகுதி வெளிநாடு, விமானம், ஹோட்டல் அறை, பழகாத சாப்பாடு, சரளமாக வராத ஆங்கிலம். ஜப்பானியப் பள்ளியிலிருந்து நேராக அந்தச் சுற்றுக்குள் விழுந்தவர் என்று முதலில் சொன்னேனே, அது இங்கே வருகிறது. கூடவே ஊர்ப் பத்திரிகைகள். தோற்றால் ஒரு நாட்டின் தோல்வி மாதிரி எழுதுவார்கள். பேச மறுத்தால் திமிர் என்பார்கள். அந்தக் காலத்தில் முதல் பத்துக்குள் வேறு ஜப்பானியர் கிடையாது, பாரத்தைப் பங்கிட ஆளில்லை.

நடுவில் அந்தப் பன்னிரண்டு வருடம் என்ன செய்தார்?

தொலைக்காட்சியில் ஆட்டங்களைப் பற்றிப் பேசினார். சின்னப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் அறிமுகப்படுத்தும் முகாம்கள் நடத்தினார். கல்யாணம் ஆனது. கணவரின் கார் பந்தயங்களுக்குக் கூடப் போனார். 2004-ல் லண்டன் மாரத்தானை மூன்றரை மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார், பொழுதுபோக்குக்கு ஓடுபவருக்கு அது நல்ல நேரம்.

ஆக, சோபாவில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று எழுந்து வந்தார் என்று நினைக்க வேண்டாம். அதே சமயம் போட்டி டென்னிஸ் என்று எதுவும் ஆடவில்லை.

எது திரும்ப இழுத்தது?

2008 மார்ச்சில் டோக்கியோவில் ஒரு காட்சிப் போட்டி. கிராஃப், மார்ட்டினா நவ்ரத்திலோவா, டத்தே மூவரும் ஆடினார்கள். அதற்காக மாதக்கணக்கில் உடம்பைத் தயார் செய்தவருக்கு, காட்சிப் போட்டி முடிந்ததும் சும்மா இருக்க மனமில்லை. கணவரும் ‘மறுபடி ஆடேன்’ என்று தூண்டியிருக்கிறார். ஏப்ரலில் அறிவித்தார். உலகத்தை ஜெயிக்கக் கிளம்பவில்லை, உள்ளூர் இளம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு உசுப்பு கொடுக்கத்தான் வருகிறேன் என்பது போலத்தான் அப்போது பேசினார்.

முதல் போட்டி கிஃபு நகரில், சின்ன மட்டப் போட்டி. தரவரிசை என்று ஒன்றுமே இல்லாததால் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்கி, இறுதி வரை போய்விட்டார். அங்கே தாய்லாந்தின் தமரின் தனசுகர்னிடம் தோல்வி. இரட்டையரில் பட்டமே வென்றார். ஜோடி குருமி நாரா, வயது 16. டத்தே ஓய்வுபெற்றபோது அந்தப் பெண்ணுக்கு வெறும் நான்கு வயது, டிசம்பரில் பிறந்தவர் என்பதால் ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்த வருடக் கடைசியில் அனைத்து ஜப்பான் சாம்பியன்ஷிப்பையும் டத்தே வென்றார்.

உசுப்பு கொடுக்கிறேன் என்று வந்தவர் எல்லோரையும் அடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இளசுகளுக்கு அது உசுப்பா உதையா என்று தெரியவில்லை.

பன்னிரண்டு வருடத்தில் டென்னிஸே மாறியிருக்குமே?

நிறைய மாறியிருந்தது. பாலியெஸ்டர் நரம்புகள் வந்துவிட்டன. அந்த நரம்பில் முழு பலத்தோடு வீசி அடித்தாலும் பந்து கடும் சுழலோடு கோட்டுக்குள் விழும். விழுந்ததும் தோள் உயரத்துக்குத் துள்ளும். எல்லோரும் உயரம், எல்லோரும் பலம்.

163 சென்டிமீட்டர் ஆளுக்குத் தோள் உயரப் பந்து என்றால் தலைவலிதான். ஆனால் துள்ளுவதற்கு முன்னாலேயே அடித்துவிட்டால்? பழைய ரைசிங் ஷாட்டுக்குப் புதிய உபயோகம் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், 2008-ல் இருந்த இளம் ஆட்டக்காரர்கள் இப்படித் தட்டையாக, தாழ, சீக்கிரமாக வரும் பந்தை அதிகம் பார்த்ததே இல்லை. எதிராளி எவ்வளவு வேகமாக அடித்தாளோ அவ்வளவு வேகமாகத் திரும்பி வந்தது. 1990-களின் டென்னிஸ் அவர்களுக்குப் புதுசாக இருந்தது.

அதற்கு விலையும் உண்டு. இன்று மூன்று செட் ஆடினால் நாளை உடம்பு எழுந்திருக்காது. கெண்டைக்கால், தொடை, முழங்கால், தோள் என்று ஏதாவது ஒன்று முறை வைத்து மக்கர் செய்யும். ஒரு ஆட்டத்தில் பெரிய ஆளைச் சாய்ப்பார், அடுத்த ஆட்டத்தில் ஒன்றுமில்லாமல் தோற்பார். இரண்டாம் முறையின் முடிவுகளைப் பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம்தான் முழுக்க.

இரண்டாம் முறையில் உண்மையிலேயே ஏதாவது ஜெயித்தாரா?

ஜெயித்தார். 2009 செப்டம்பர் 27, சியோல். இறுதியில் ஸ்பெயினின் அனபெல் மெதினாவை 6-3, 6-3 என்று வென்றார். மறுநாள் 39-ஆவது பிறந்தநாள். அதற்கு முந்தைய பட்டம் சான் டியேகோ, 1996. இரண்டு பட்டங்களுக்கு நடுவே பதின்மூன்று வருடம். இவரைவிட அதிக வயதில் ஒற்றையர் பட்டம் வென்ற பெண் அதுவரை பில்லி ஜீன் கிங் மட்டும்தான். மொத்தத்தில் டத்தேவுக்கு எட்டுப் பட்டங்கள், எட்டாவது இது.

2010 இன்னும் சுவாரசியம். பிரெஞ்சு ஓபனில், முந்தைய வருடம் இறுதி ஆடிய தினாரா சஃபினாவை முதல் செட்டை இழந்த பிறகு வென்றார். கடைசியில் கால் சரியாக ஊன்ற முடியாமல், நின்ற இடத்திலிருந்தே அடித்துக்கொண்டிருந்தார். செப்டம்பரில் டோக்கியோவில் நடப்புச் சாம்பியன் ஷரபோவாவை மூன்று செட்டில் சாய்த்தார், 40-ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள். (பிறந்தநாளுக்கு முந்தின நாள் என்றால் இவரிடம் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது போலிருக்கிறது.) அக்டோபரில் ஒசாகா நகரப் போட்டியில் முதல் பத்துக்குள் இருந்த சமந்தா ஸ்டோசரை வென்று இறுதிக்குப் போனார். இறுதியில் தோல்வி. யாரிடம்? மறுபடியும் தனசுகர்ன்.

2013 ஆஸ்திரேலிய ஓபனில் 42 வயதில் 12-ஆம் நிலை நாத்யா பெத்ரோவாவை 6-2, 6-0 என்று முடித்தார். அந்த வருட விம்பிள்டனில் மூன்றாம் சுற்று வரை போய் செரீனாவிடம் தோற்றார். 2014 அமெரிக்க ஓபனில் செக் ஆட்டக்காரர் பார்போரா ஸ்ட்ரைகோவாவோடு இரட்டையர் அரையிறுதி. நம் சானியா மிர்சாவும் காரா பிளாக்கும் அதே தொடரின் இன்னொரு அரையிறுதியில் ஆடினார்கள். இரண்டு ஜோடியும் இறுதிக்குப் போகவில்லை.

எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம்?

2011 விம்பிள்டன் இரண்டாம் சுற்று, வீனஸ் வில்லியம்ஸோடு ஆடியது. வெளியே மழை, சென்டர் கோர்ட்டின் கூரை மூடியிருந்தது. (1996-ல் இல்லாமல் போன அதே கூரையும் விளக்கும்.) டத்தேவுக்கு 40 வயது, வீனஸுக்கு 31, ஐந்து முறை அங்கே பட்டம் வென்றவர்.

முதல் செட்டில் டத்தே 5-1 என்று முன்னால் போகிறார். வீனஸின் சர்வ் எவ்வளவு வேகம் என்று உங்களுக்குத் தெரியும். டத்தே கோட்டுக்கு உள்ளே கால் வைத்து அதை எடுத்துத் திருப்புகிறார். சர்வ் செய்துவிட்டு வலைக்கு ஓடுகிறார், பந்து தரையில் படுமுன்பே வாலி அடிக்கிறார், பெண்கள் டென்னிஸில் கிட்டத்தட்ட யாரும் செய்யாத வேலை அப்போது. வீனஸ் மெல்ல மெல்லப் பிடித்து வருகிறார், ஆனாலும் டை பிரேக்கரில் செட் டத்தேவுக்கு. இரண்டாவது வீனஸுக்கு 6-3. மூன்றாவது 8-6 வரை போய் வீனஸ் ஜெயித்தார். ஏறக்குறைய மூன்று மணி நேரம்.

கூரை மூடியிருந்ததால் மட்டையில் பந்து படும் சத்தம் எதிரொலிக்கும். வீனஸ் அடிப்பது ‘டொம்’ என்று கனமாகக் கேட்கும். டத்தே அடிப்பது சின்னதாக, ‘டக்’ என்று, எப்போதும் ஒரு நொடி முன்கூட்டியே. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே யார் பந்து என்று சொல்லிவிடலாம். முடிந்தால் நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு பாருங்கள்.

இளம் பெண்களின் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார் என்று விமர்சனம் உண்டே?

அரிதாகச் சில ஏற்பாட்டாளர்கள் கொடுத்த வைல்ட் கார்டுகளை (தரவரிசை பார்க்காமல் நேராக உள்ளே விடும் அழைப்பு) வைத்து அப்படிச் சொல்வார்கள். பெரும்பாலும் அவர் சின்னப் போட்டிகளில் புள்ளி சேர்த்து, தகுதிச் சுற்று ஆடித்தான் மேலே வந்தார். 2009 ஆஸ்திரேலிய ஓபனுக்குத் தகுதிச் சுற்று வழியாகத்தான் போனார். 2010-ல் தரவரிசையில் 50-க்குள் வந்தது யாரும் கொடுத்த இடம் இல்லை. 40 வயதுக்காரரை வெல்ல முடியாத 20 வயதுக்காரருக்கு அந்த இடம் ஏன் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

பணம்?

இரண்டு முறையும் சேர்த்துப் பரிசுப் பணம் சுமார் 40 லட்சம் டாலர். இன்று விம்பிள்டன், அமெரிக்க ஓபன் மாதிரி ஒரு கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றாலே அந்த அளவுக்கு வந்துவிடும்.

எப்போது ஒரேயடியாக முடித்தார்?

2016-ல் இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சைகள். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2017 மே மாதம் மறுபடியும் வந்து நின்றார், அதே கிஃபு நகரில். ஆனால் தோளும் ஒத்துழைக்கவில்லை. செப்டம்பரில், டோக்கியோவில், அரியாகேவில், கிராஃபை வென்ற அதே இடத்தில் கடைசிப் போட்டி. செர்பியாவின் அலெக்சாண்ட்ரா க்ரூனிச்சிடம் 6-0, 6-0.

ஒரு கேம்கூட எடுக்கவில்லை. பலருக்கு அது வருத்தமாக இருந்தது. 47 வயதாக இரண்டு வாரம் பாக்கி. எனக்கு அந்த ஸ்கோரைவிட, ஆட்டம் முடிந்த பிறகு அவர் முகம்தான் ஞாபகம் இருக்கிறது. சிரித்துக்கொண்டிருந்தார். 1996-ல் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இப்போது என்ன செய்கிறார்?

ஓய்வுக்குப் பிறகு டோக்கியோவின் எபிசு பகுதியில் ஜெர்மன் பாணி ரொட்டிக் கடை ஒன்று திறந்தார். வசேதா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியலில் முதுகலையும் முடித்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட விஷயம் ஜப்பானின் டென்னிஸ் தரைகள்.

அது கொஞ்சம் விளக்கத் தகுந்தது. ஜப்பானில் மழை அதிகம். அதனால் செயற்கைப் புல்லுக்கு இடையே மணல் தூவிய தரைகளை நாடு முழுக்கப் போட்டிருக்கிறார்கள். மழை விட்ட கொஞ்ச நேரத்தில் ஆடலாம், வயதானவர்களின் முழங்காலுக்கும் நல்லது. ஆனால் பந்து அதில் எழும்பவே எழும்பாது, கால் வழுக்கும். உலகச் சுற்றில் பெரிய போட்டி எதுவும் அந்தத் தரையில் நடப்பதில்லை. அதில் வளர்ந்த பிள்ளை வெளியே போய்க் கடினத் தரையிலோ களிமண்ணிலோ நிற்கும்போது, பந்து தலைக்கு மேல் போகிறது. பிள்ளைகள் பழகும் இடங்களில் தரையை மாற்றுங்கள் என்பதுதான் அவர் வாதம். அதன் பிறகு டென்னிஸ் மட்டை செய்யும் யோனெக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சிறுமிகளுக்கான பயிற்சித் திட்டம் ஒன்றையும் தொடங்கினார்; எழும்பும் பந்தை எழும்பும்போதே எப்படி எடுப்பது என்று காட்ட அவரைவிடத் தகுந்த ஆள் யார்?

ஒசாகா அளவுக்குப் பெரியவரா?

கோப்பைக் கணக்கில் கிட்டவே வர முடியாது. ஒசாகா நான்கு கிராண்ட் ஸ்லாம் வென்று முதலிடத்துக்குப் போனவர். டத்தே ஒரு கிராண்ட் ஸ்லாம் இறுதி ஆட்டம்கூட ஆடியதில்லை. ஒற்றையரில் ஐ சுகியாமா 8-ஆம் இடம் வரை வந்தார், இரட்டையரில் முதலிடம். சீனாவின் லீ நா 2-ஆம் இடம். இவர்களுக்கெல்லாம் முன்னால், 1995-ல், ஆசியாவில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் முதல் ஐந்துக்குள் உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் டத்தேவின் கணக்கு. நிஷிகோரியின் உச்சமும் 4 தான், 2015-ல். அந்த இடத்துக்கு டத்தே இருபது வருடம் முன்னாலேயே போய் வந்துவிட்டார்.